மீன் மேய்கிறது, ஈயை மட்டும் தொடவில்லை: ஏரி டிரவுட் கேள்வி பதில்

கண்ணெதிரே டிரவுட் மேய்ந்துகொண்டிருந்தும் நாம் கட்டிய ஈயை, அதாவது தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சியை, தொடாமல் போவது ஏன் என்று பலர் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் ரட்லண்ட், கிராஃபம், பிளாக்டன் நீர்த்தேக்கங்களில் பதினெட்டு ஆண்டுகள் தூண்டில் போட்ட அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். கடல் மீன் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அது எனக்குத் தெரிந்த துறை அல்ல.

கேள்வி: அண்ணா, மே மாத மாலை, ரட்லண்டில் படகில் இருந்தோம். காற்றே இல்லை. சுற்றிலும் மீன்கள் முதுகு காட்டிப் புரண்டன. ஏழு ஈக்களை மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடக் கொத்தவில்லை. எந்த ஈயைக் கட்டியிருக்க வேண்டும்?

பதில்: முதுகுத் துடுப்பு தெரிந்திருக்கும், பிறகு வால் நுனி தெரிந்திருக்கும், வாய் மட்டும் வெளியே வந்திருக்காது. அப்படியென்றால் அவை பஸ்ஸர் தின்றுகொண்டிருந்தன. பஸ்ஸர் என்பது கொசு போலவே இருந்தும் கடிக்காத ஒரு பூச்சி. அதன் புழு ஏரியின் அடிச் சேற்றில் வாழ்கிறது. அங்கே ஆக்சிஜன் குறைவு என்பதால் பல இனங்களின் புழுக்களுக்கு உடலில் ஹீமோகுளோபின் உண்டு; அதனால்தான் அவை சிவந்திருக்கின்றன. புழு கூட்டுப்புழுவாக மாறியதும் மெல்ல மெல்ல மேலே ஏறும். நீரின் மேல்தோலை முட்டி, அதன் அடியில் தொங்கும். கூட்டுப்புழுவின் தோல் கிழிந்து பூச்சி பறக்கும் வரை அதற்குத் தப்ப வழியில்லை. டிரவுட்டுக்கு இது தெரியும். மேல்தோலுக்கு ஒரு சாண் கீழே நிதானமாக நீந்தியபடி ஒவ்வொன்றாக வாய்க்குள் எடுத்துக்கொள்ளும்.

இப்போது உங்கள் கேள்வியில் ஒரு சொல்லைப் பாருங்கள்: "இழுத்து". தொங்கிக்கொண்டிருக்கும் உணவைத் தின்னும் மீனின் முன்னால் ஏழு ஈக்களையும் ஓடவிட்டிருக்கிறீர்கள். ஏழில் நான்காவது சரியான ஈயாகவே இருந்திருக்கலாம்.

நான் செய்வது இது. மிதக்கும் தூண்டில் கயிறு, அதன் முனையில் பதினைந்து அடிக்குக் குறையாத தங்கூசி, அதாவது மெல்லிய நைலான் இழை. கடைசியில் மிதக்கும் ஈ ஒன்று. நடுவில் 12 அல்லது 14ஆம் எண் முள்ளில் கட்டிய கறுப்பு பஸ்ஸர்கள் இரண்டு, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வைத்தவை. துணி காயப்போட்ட கொடி போல, இரண்டும் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே தொங்கும். வீசியபின் எதையும் செய்யாதீர்கள். தொய்வை மட்டும் எடுங்கள். கயிறு நீரைத் தொடும் இடத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். அது அரை முழம் நகர்ந்தால் கோலை உயர்த்துங்கள்.

இன்னொன்று. காற்றில்லாத மாலையில் தங்கூசி மிதந்தால் நீர்ப்பரப்பில் கோடு கிழித்ததுபோல் தெரியும். மீன் அதைக் கண்டு விலகும். அதற்கு இங்கே கடையில் பசை விற்கிறார்கள். முல்தானி மட்டியில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் விட்டுப் பிசைந்தால் அதே பசைதான். லெஸ்டரில் எந்த இந்தியக் கடையிலும் முல்தானி மட்டி கிடைக்கும். தங்கூசியில் தேய்த்துவிடுங்கள், மூழ்கும்.

ஈயை மாற்றுவதற்கு முன் ஆழத்தை மாற்றுங்கள். ஆழத்தை மாற்றுவதற்கு முன் வேகத்தைக் குறையுங்கள்.

கேள்வி: ஏரிக்கு மிகச் சிறந்த ஈ எது? ஒன்று மட்டும் சொல்லுங்கள்.

பதில்: மீன் அன்று தின்பதைப் போன்றது. மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஜூன் மாதம் இருட்டும் நேரம். மிகச் சிறிய வெள்ளைப் பூச்சிகள் சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டன. மீன்கள் பைத்தியம் பிடித்ததுபோல் மேய்ந்தன. எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

பதில்: அது கேனிஸ். தூண்டில்காரரின் சாபம் என்றே இங்கே அதற்குப் பெயர். உங்கள் சட்டையில் உட்கார்ந்தது ஒரு முறை தோலுரித்துவிட்டு மறுபடி பறந்திருக்கும். கூர்ந்து பார்த்திருந்தால் மெல்லிய வெள்ளைத் தோல் துணியில் ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். இலட்சக்கணக்கான பூச்சிகளுக்கு நடுவே உங்கள் ஈ ஒன்று. எண்ணிக்கையில் நீங்கள் ஜெயிக்க முடியாது. ஒரே ஒரு மீனைத் தேர்ந்தெடுங்கள். அது நேர்கோட்டில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வரும். அடுத்து எங்கே வாய் திறக்கும் என்று கணித்து, அந்த இடத்திற்கு ஒரு முழம் முன்னால் 18ஆம் எண் வெள்ளை ஈயை வையுங்கள். கூட்டத்தின் நடுவே வீசுபவருக்கு ஒன்றும் கிடைக்காது.

மங்கிய வெளிச்சத்திலும் கண்ணாடி அணியுங்கள். காற்று திரும்பினால் முள் முகத்துக்கு வரும்.

கேள்வி: கறுப்பா, பச்சையா? எந்த நிறம் அதிகம் கொத்தும்?

பதில்: ஆழம் சரியாக இருந்தால் இரண்டும்.

கேள்வி: ஐயா, ஆகஸ்ட் மாதம் கிராஃபமில் பிடித்த மீனின் வயிற்றைத் திறந்தால் பூச்சியே இல்லை. பச்சையும் பழுப்புமாகக் கூழ் மட்டும் இருந்தது. இது என்ன?

பதில்: வயிற்றைத் திறந்து பார்த்தீர்களே, அதற்கு என் பாராட்டு. அது டாஃப்னியா, நீர்த்தெள்ளு. ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டருக்கு மேல் இராது. மேகம் மேகமாகத் திரியும். வெயில் ஏறினால் கீழே போகும், மேகம் மூடினால் அல்லது அந்தி சாய்ந்தால் மேலே வரும். மீனும் கூடவே போய்வரும். காலையில் மூன்றடியில் கொத்திய மீன் நண்பகலில் இருபதடியில் இருப்பது இதனால்தான். தெள்ளு அளவுக்கு ஈ கட்ட முடியாது. அந்த மேகத்தின் ஆழத்தைக் கண்டுபிடித்து, ஆரஞ்சு நிற ப்ளாப் (நார் உருண்டை ஈ) ஒன்றை அதன் ஊடே இழுங்கள்.

கேள்வி: ப்ளாப்பையா சொல்கிறீர்கள்? அது ஈயே அல்ல, செயற்கை நாரைச் சுற்றிய உருண்டை. 1920களில் பிளாக்டனில் டாக்டர் பெல் மீனின் வயிற்றைப் பார்த்துப் பார்த்து பஸ்ஸர் கட்டிய மரபுக்கு இது அவமானம்.

பதில்: டாக்டர் பெல்லை நானும் வணங்குகிறேன். அந்தக் கிராமத்து மருத்துவர் செய்த காரியம் இதுதான்: வழிவழியாக வந்த பகட்டான ஈக்களை ஒதுக்கிவிட்டு, மீன் உண்மையில் எதைத் தின்கிறது என்று பார்த்தார். நம் நண்பரும் வயிற்றைப் பார்த்தார், தெள்ளு இருந்தது. தெள்ளு தின்னும் மீன் ஆரஞ்சை எடுக்கிறது என்பதை நான் நூறு முறை கண்டிருக்கிறேன். மரபு என்றால் பார்ப்பது. எதைக் கட்டினோம் என்பது அதற்கு அடுத்தபடி.

கேள்வி: (அதே நண்பர்) மீன் எடுக்கிறது என்பதால் சரியாகிவிடுமா? மண்புழுவையும்தான் எடுக்கும்.

பதில்: எடுக்கும். ஆனால் ஈத் தூண்டிலுக்கு மட்டும் ஒதுக்கிய நீரில் மண்புழுவுக்கு அனுமதி இல்லை, ப்ளாப்புக்குப் பல இடங்களில் உண்டு. அனுமதி இல்லாத இடத்தில் நானும் பெட்டியை விட்டு வெளியே எடுப்பதில்லை. எனக்குள்ள அச்சம் வேறு. ப்ளாப்பை அசையாமல் விட்டுவைத்தால் மீன் அதைத் தொண்டைக்குள் விழுங்கிவிடும். பிடித்து நீரிலேயே திருப்பி விடும் மீனுக்கு அது மரண தண்டனை. ஆகவே இழுத்துக்கொண்டே இருங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கேள்வி: (இன்னொரு நண்பர்) நான் இடையில் வருகிறேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே ப்ளாப்பைக் கொடுத்தால், அவர்கள் நீரைப் பார்க்கவே கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

பதில்: இதை ஏற்கிறேன். என் அக்கா மகனுக்கு நானே அப்படிக் கொடுத்தேன். முதல் நாளிலேயே நான்கு மீன் பிடித்தான். அடுத்த கோடையில் பஸ்ஸர் ஏறும் மாலையில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நீரைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது என் பிழை. முதல் ஆண்டு முழுவதும் பஸ்ஸரை மட்டும் கொடுத்திருக்க வேண்டும். இதற்குமேல் ப்ளாப் பற்றிக் கேள்வி வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: நீலகிரி அவலாஞ்சியில் டிரவுட் பிடிக்கலாமா?

பதில்: அங்கே நூறாண்டுக்கு மேலாக டிரவுட் உண்டு. நான் அங்கே தூண்டில் போட்டதில்லை. வனத்துறையிடமும் மீன்வளத் துறையிடமும் அனுமதி கேட்காமல் நீர்க்கரைக்கே போகாதீர்கள்.

கேள்வி: நல்ல நிறம் எது என்று சொல்லவே இல்லையே?

பதில்: மறுபடியும் கேட்கப்படுகிறது. நிறத்தை மறந்துவிட்டு ஒரு மாலை முழுவதும் ஒரே கறுப்பு பஸ்ஸரை வைத்து, ஆழத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, மீன் படகு வரை ஈயைத் தொடர்ந்து வருகிறது. கடைசி நொடியில் திரும்பிப் போய்விடுகிறது. ஈ பிடிக்கவில்லையா?

பதில்: பிடித்ததால்தான் அவ்வளவு தூரம் வந்தது. அடுத்த வீச்சுக்காக நீங்கள் கோலை உயர்த்தும்போது ஈ சட்டென்று பாய்கிறது, மீன் கலைகிறது. இழுத்து முடித்ததும் கோலைப் பாதி உயர்த்தி அப்படியே நிறுத்துங்கள். ஈக்கள் படகுக்கு அருகே அசையாமல் தொங்கட்டும். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழுக்குள் கயிறு இறுகும். அந்த நேரத்தில் ஈ கண்ணுக்கு மிக அருகில் இருக்கும், கண்ணாடி போட்டிருக்கிறீர்கள்தானே?