பத்தாம் வகுப்பும் பஞ்சாயத்துத் தலைவரும்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் ஐந்தாம் வகுப்பைக்கூடத் தாண்டாத ஓர் அம்மா தலைவராக இருந்தார். ஐந்து வருடமும் செயலர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதுதான் மிச்சம். பத்தாம் வகுப்பு முடித்தவர்தான் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் போட்டால் என்ன?
– வாசகர், தஞ்சை மாவட்டம்

பதில்: வேண்டவே வேண்டாம். அரியானாவில் 2015-ல் இப்படி ஒரு சட்டம் போட்டார்கள். உச்ச நீதிமன்றமும் அதே வருடம் டிசம்பரில் அது செல்லும் என்றது. ராஜஸ்தானிலும் கொண்டுவந்தார்கள், 2019-ல் எடுத்துவிட்டார்கள். இந்த மாதிரிச் சட்டத்தால் வாசலிலேயே நிறுத்தப்படுவது யார்? ஆடு மேய்க்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண்கள்தான். அன்று படிக்க விடாததற்கு இன்று இன்னொரு தண்டனையா?

நீங்கள் சொல்லும் அந்த அம்மாவிடம் வருகிறேன். செயலர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், சரி. போடுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? பி.காம். படித்தவருக்கும் ஊராட்சியின் பொது நிதியில் எதைச் செலவு செய்யலாம், நிதிக்குழுப் பரிந்துரையில் அரசு தரும் மானியத்தில் எதைச் செய்யக்கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடாது. இது பள்ளிக்கூடத்தில் வருகிற பாடம் இல்லை.

உறுப்பினர்களுக்கான ஒருநாள் பயிற்சி ஒன்றில் நான் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் சட்டப்பிரிவுகள் ஓடிக்கொண்டே இருந்தன. என் முன்வரிசையில் ஒரு வார்டு உறுப்பினர், அறுபது வயதிருக்கும், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். எழுந்து, "எங்க தெருவுக்குப் பைப்பு வரணும்னா நான் எங்க எழுதிக் கொடுக்கணும் சார்?" என்று கேட்டார். கேள்விகளைக் கடைசியில் பார்க்கலாம் என்றார்கள். அப்புறம் சாப்பாடு, பிறகு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, பஸ். அந்தக் கடைசி வரவே இல்லை. அவர் கேட்டதற்குப் பதில் ஒரே வரி: ஊராட்சிக் கூட்டத்தில் பொருளாக வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தீர்மானப் புத்தகத்தை அழுத்திச் சொல்கிறேன். வெற்றுப் பக்கத்தில் உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கி, பிறகு மேலே எழுதிக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. வெற்றுப் பக்கத்தில் போடாதே என்று முதல் வாரத்திலேயே ஒருவர் சொல்லியிருந்தால் பாதித் தவறு நடக்காது. காசோலையும் அப்படித்தான். தலைவர், துணைத்தலைவர் இருவரும் கையெழுத்திட வேண்டும். இருவருக்கும் ஆகாது என்றால், சித்திரை வெயிலில் மோட்டார் காயில் எரிந்து கிடக்கும், சரிசெய்யப் பணம் எடுக்க முடியாது. தலைவர் பட்டியலினப் பெண்ணாக இருந்தால், வேண்டுமென்றே கையெழுத்துப் போடாமல் அலைக்கழிப்பதும் நடக்கிறது. கலெக்டருக்கு எழுதிக் கொடுத்து வழி தேடலாம் என்று தெரியாமலேயே கோடை முழுக்கக் குடத்தோடு நிற்கிற மக்களிடம் திட்டு வாங்கியவர்கள் உண்டு.

காலத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, 2020 ஜனவரி 6-ல் பதவியேற்றார்கள். மூன்று மாதம் ஆகுமுன் ஊரடங்கு. அந்த மே தினத்துக் கிராம சபையும் அக்டோபர் 2 கிராம சபையும் நடக்கவில்லை. தட்டுத் தடுமாறி அவர்களாகவே கற்றுக்கொண்டு நிமிர்ந்தபோது, 2025 ஜனவரி 5-ல் பதவிக்காலம் முடிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இடத்தில் நிர்வாகம் பார்க்க, அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். 2016-லிருந்து மூன்று வருடத்துக்கு மேல் இருந்ததும் இதே நிலைதான். கற்ற பாடம் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறது.

கேரளத்தில் 1996-ல், ஊர்த் திட்டங்களை ஊராட்சிகளே தீட்டும் மக்கள் திட்டம் தொடங்கியபோது ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் அலுவலர்களையும் ஊர் ஊராகத் துணைக்கு இறக்கினார்கள். நமக்கு அதைவிடப் பொருத்தமான ஆட்கள் இருக்கிறார்கள்: ஐந்து வருடம் அடிபட்டுக் கற்ற முன்னாள் தலைவர்கள். தமிழ்நாட்டு ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. புதிதாக வரும் பெண்ணுக்குப் பக்கத்து ஊர் முன்னாள் தலைவி, புதியவரின் ஊராட்சி அலுவலகத்திலேயே, அங்குள்ள ரசீதுகளையும் மின்கட்டணப் பில்லையும் விரித்து வைத்துக்கொண்டு முதல் மாதமே சொல்லித் தரட்டும். வார்டு உறுப்பினர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

உங்கள் ஊர் அம்மா இப்போது பதவியில் இல்லை என்கிறீர்கள். அவரை ஒருமுறை பார்த்து, அந்த ஐந்து வருடத்தில் எந்தெந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்று கேளுங்கள். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருக்கும்.