ரிங் கம்பியும் பீம் விரிசலும்: வாசகர் கேள்விகள்

ஒன்பதுக்குப் பதினைந்து பீமில் ஆறு அங்குலத்துக்கு ஒரு ரிங் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) போதுமா? (தாம்பரம்)

நடுவில் போதும், பில்லர் ஓரத்தில் போதாது. ஷியர், அதாவது பீமைச் சாய்வாக வெட்டிப் பிளக்கப் பார்க்கும் விசை, கூடுவது அங்கேதான். பில்லர் முகத்திலிருந்து இரண்டேகால் அடி வரை மூன்று அங்குலத்துக்கு ஒன்று கட்டுங்கள். முதல் ரிங் இரண்டு அங்குலத்துக்குள் வர வேண்டும். டிசைன் இன்னும் நெருக்கமாகக் கேட்டால், டிசைன் சொன்னதுதான் கணக்கு.

ரிங்கைக் குறைத்துக்கொண்டு அடியில் ஒரு 16 எம்எம் கம்பி கூடுதலாகப் போடலாமா? (ஓசூர்)

கூடாது. ரிங்கின் வேலையை அடிக்கம்பி செய்யாது. 1955-இல் அமெரிக்காவின் ஒஹையோவில் விமானப்படைக் கிடங்கு ஒன்றின் கூரை பீம்கள் ஷியரில் உடைந்து விழுந்தன. உடைந்த இடத்தில் ரிங்கே கிடையாது.

படம் அனுப்பியுள்ளேன். பீமில் விரிசல். என்ன செய்யலாம்? (ஊர் எழுதவில்லை)

படத்தில் மின்விசிறி நன்றாகத் தெரிகிறது. விரிசல் நேரா சாய்வா, பில்லரிலிருந்து எத்தனை அடி, ஒன்றும் எழுதவில்லை. பில்லர் ஓரத்தில் 45 டிகிரி சாய்ந்து ஏறுகிறதென்றால் பட்டி பார்த்து மறைக்க வேண்டாம். முதலில் முட்டுக் கொடுங்கள், அப்புறம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். ஷியர் உடைப்பு சொல்லிவிட்டு வராது.

ரிங் கொக்கியை 135 டிகிரி மடக்கச் சொன்னால், 90 போதும் என்கிறார் கான்ட்ராக்டர். (சேலம்)

இந்தக் கடிதம் வராத மாதமே இல்லை. 90 டிகிரி கொக்கியின் வால் (மடக்கிய நுனி), கம்பிக்கூட்டுக்கு வெளியே இருக்கும் கவர் கான்கிரீட்டில்தான் கிடக்கிறது. பூமி அதிர்ந்து கவர் உதிர்ந்தால் கொக்கிக்குப் பிடி போய்விடும், ரிங் வாய் பிளக்கும். 2001 குஜராத் நிலநடுக்கத்தில் இடிந்த கட்டடங்களில் பார்த்த கோளாறுதான் இது. 135 மடக்கினால் வால் உள்ளே, கம்பிக்கூட்டுக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்திய விதி ஐ.எஸ். 13920 கேட்பதும் அதையே. வால் நீளம் குறைந்தது 65 எம்எம். இதற்கு ரிங்குக்கு மிஞ்சிப்போனால் மூன்று அங்குலக் கம்பி, இரண்டு ரூபாய் கூடுதல். ஆயிரம் ரிங்குக்கு இரண்டாயிரம்! வாசல் கிரில்லுக்கு இதைப் போலப் பல மடங்கு தருகிறோம். “கம்பிக்குள் நுழையாது, கட்டியபிறகு மடக்கிவிடுகிறோம்” என்பார்கள். மடக்க மாட்டார்கள். கான்கிரீட்டுக்கு முதல்நாள் மாலை சென்ட்ரிங் மேல் ஏறி, ஒவ்வொரு ரிங்கின் மூலையிலும் விரலை வைத்துப் பாருங்கள். வால் பக்கப்பலகையை ஒட்டிக் கிடந்தால் கான்கிரீட் வண்டியை வரவிடாதீர்கள்.

பழைய பீமுக்கு ஃபைபர் ஷீட் ஒட்டினால் ஷியர் பலம் கூடுமா? (திருச்சி)

கூடும், ஒழுங்காக ஒட்டினால். உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே சுற்றுவது வீண். பீமின் கீழ் மூலைகளைத் தேய்த்து உருட்ட வேண்டும், இல்லையென்றால் ஷீட் அங்கேயே கிழியும். மேலே ஸ்லாப் இருப்பதால் மூன்று பக்கம்தான் சுற்ற முடியும். மேல் நுனி உரிந்துவரும், அதை ஆங்கர் போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். ஷீட்டை ஒட்டும் எபாக்ஸி பசை நெருப்புக்கு ஆகாது, அடுப்பங்கரை பீம் என்றால் கான்கிரீட் ஜாக்கெட்டே (பீமைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் போடுவது) மேல். எதுவானாலும் வேலைக்கு முன் முட்டு.

பில்லரை ஒட்டி பீமில் நான்கு அங்குல பைப்புக்குத் துளை போடலாமா? (மதுரை)

வேண்டாம். பைப்பைச் சுற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.