சில்லுக்கு வந்து சேர்வது எத்தனை குதிரை?

கியர்பொக்ஸ் கழற்றிப் பூட்டுவதுதான் இருபத்தைந்து வருடமாக என் தொழில். அதில் எட்டு வருடம் தோஹாவில், ரோலர் டைனோ (சில்லை உருளையில் சுழல விட்டு வலுவை அளக்கும் மெஷின்) வைத்திருந்த ஒரு கராஜில் நின்றேன். இப்போது மட்டக்களப்பு கல்லடியில். வண்டியின் வலு பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்த மட்டும் பதில் சொல்கிறேன்.

காத்தான்குடியில் இருந்து: அண்ணன், என் எக்ஸியோ கார் 1500 சீசீ, தாளில் 110 பீஎஸ். கொழும்பில் டைனோவில் ஏற்றினால் 86 தான் காட்டுது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

விற்றவரின் சட்டையைப் பிடிக்க அவசரப்பட வேண்டாம் தம்பி. தாளில் உள்ள 110, எஞ்சினை மட்டும் தனியே மேடையில் வைத்து அளந்தது. டைனோ அளப்பது சில்லு ரோலரைச் சுழற்றும் வலுவை. நடுவில் கியர்பொக்ஸ், டிஃபரன்ஷல், அக்சில், டயர் என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கீழே விடும். அப்புறம், பீஎஸ் என்பது மெட்ரிக் குதிரை வலு; ஒரு பீஎஸ் 735.5 வாட், ஒரு ஹோர்ஸ்பவர் 745.7 வாட். டைனோ திரையில் வந்தது ஹோர்ஸ்பவர் என்றால், உங்கள் 110 அங்கே 108.5 தான். வண்டியும் சீவீடீ, அதாவது பற்சில்லுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் கியர்பொக்ஸ். இரும்புப் பெல்ட் வழுக்காமல் இருக்க ஓயில் அழுத்தத்தால் எந்நேரமும் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். அந்த ஓயில் பம்பைச் சுற்றுவதும் உங்கள் எஞ்சின்தான். 20 வீதம் சொச்சம் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கல்முனையில் இருந்து: எல்லாரும் 15 வீதம் இழப்பு என்கிறார்கள். 100 குதிரை எஞ்சினை 200 ஆக்கினால் இழப்பும் 15இல் இருந்து 30 ஆகுமா?

நல்ல கேள்வி. 15 வீதம் என்பது கைக்கணக்கு, விதி இல்லை. இழப்பு இரண்டு வகை. பற்சில்லுகள் ஒன்றையொன்று தள்ளும்போது வரும் உரசல், சுமை கூடக் கூடும். ஓயிலைக் கடைவது, பம்ப், சீல், பெயாரிங் இழுப்பு போன்றவை பெரும்பாலும் வேகத்தைப் பார்த்துத்தான் கூடும். எஞ்சின் 100 கொடுத்தாலும் 200 கொடுத்தாலும், ஒரே சுற்று வேகத்தில் அவை கிட்டத்தட்ட அதேதான். ஆக வலு இரட்டித்தால் இழப்பு கூடும், ஆனால் இரட்டிக்காது. வீதமாகப் பார்த்தால் குறையும். ரோலரில் டயர் நசிந்து எழும்புவதிலும் ஒரு பங்கு போகிறது. அதையும் கியர்பொக்ஸின் தலையில் போடுவது நம்முடைய பழக்கம்.

போன வலு எல்லாம் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். 30 குதிரை என்றால் 22 கிலோவாட்டுக்கு மேல். 2 கிலோவாட் கேத்தல் பதினொன்றை ஒன்றாகப் போட்ட சூடு. யாராவது "கியர்பொக்ஸ் மட்டும் 60 குதிரை தின்னுது" என்றால் கேத்தலை எண்ணிப் பாருங்கள்.

அக்கரைப்பற்றில் இருந்து: ஹைஏஸ் வேன் போன்ற, பின்சில்லை எஞ்சின் சுற்றும் வண்டியில் இழப்பு கூட என்பது சரியா?

பெரும்பாலும் சரி. முன்சில்லுக் காரில் எஞ்சின் குறுக்கே கிடப்பதால் சுழற்சி திசை திரும்பத் தேவையில்லை. ஹைஏஸில் நீட்டுவாட்டில் வரும் சுழற்சி பின்னால் 90 பாகை திரும்புகிறது. அதைத் திருப்பும் ஹைபொயிட் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்யும். அதனால்தான் அதற்குக் கூடிய அழுத்தம் தாங்கும் ஜீஎல்-5 ஓயில் கேட்கிறார்கள். மாரி வெள்ளத்தில் இறக்கிய வண்டி என்றால் முதலில் அந்த ஓயிலைப் பாருங்கள். பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. எண்ணுக்காக இல்லை, பல்லுக்காகவாவது மாற்றுங்கள்.

வாழைச்சேனையில் இருந்து: இங்கே டைனோ இல்லை. வேறு வழி உண்டா?

உண்டு, காசும் போகாது. வண்டியை ஆட்களோடு எடைத் தராசில் நிறுங்கள். 1000 கிலோ என்று வைப்போம். விடியற்காலையில் ஆளில்லாத, சமமான நேர்வீதி. இரண்டாம் கியரில் முழுதாக மிதித்து 40இல் இருந்து 60 கிலோமீற்றர் வேகத்துக்குப் போக எத்தனை செக்கன்? 3 என்றால், கூடிய இயக்க சக்தி 77 கிலோயூல். 3ஆல் பிரித்தால் 25.7 கிலோவாட். பிறகு நியூட்ரலில் விட்டு 60 தானாக 40 ஆகும் நேரத்தைப் பாருங்கள். 28 செக்கன் என்றால் காற்றும் டயரும் தின்பது 2.75 கிலோவாட். இரண்டையும் கூட்டினால் 28.5, அதாவது 38 ஹோர்ஸ்பவர். இது அந்த இடைவெளியின் சராசரி, உச்சம் இல்லை. சில்லையும் எஞ்சினையும் சுழற்றப் போனது இதில் சேரவில்லை, ஆகவே கொஞ்சம் குறைவாகவே வரும்.

வண்டியின் வேக மீற்றரை மட்டும் நம்ப வேண்டாம், அது கூட்டியே காட்டும். 10 வீதம் கூட்டிக் காட்டினால் விடை 21 வீதம் பிழைக்கும், ஏனென்றால் வேகம் வர்க்கமாகக் கணக்கில் வருகிறது. போனின் ஜீபீஎஸ் போதும். பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுபவர் வீதியைப் பார்க்கட்டும். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை எடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் நாளில் வேண்டவே வேண்டாம்.

ஏறாவூரில் இருந்து: அக்குவா ஹைபிரிட்டில் எஞ்சின் 74, மோட்டர் 61. கூட்டினால் 135. ஏன் 100 என்கிறார்கள்?

மோட்டருக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? பெட்டரியில் இருந்தும், எஞ்சின் சுழற்றும் ஜெனரேற்றரில் இருந்தும். சிறிய பெட்டரியால் 61 முழுவதையும் கொடுக்க முடியாது; மிச்சத்தை எஞ்சின் தன் 74இல் இருந்துதான் கொடுக்கிறது. ஒரே குதிரையை இரண்டு தரம் எண்ணக் கூடாது.

களுவாஞ்சிக்குடியில் இருந்து: ஏர் ஃபில்டர் மாற்றி 4 ஹோர்ஸ்பவர் கூடியது. டைனோ பேப்பரும் இருக்கிறது.

ஃபில்டருக்கு முன் எத்தனை ஓட்டம் எடுத்தீர்கள்? ஒன்று என்றால் அந்தப் பேப்பருக்கு மதிப்பில்லை. கியர் ஓயில் சூடேறியதற்கும், டயரில் காற்று மாறியதற்கும், வண்டியை ரோலரில் கட்டிய பட்டி தளர்ந்ததற்கும் கூட 4 கூடும். அதே மெஷின், அதே கியர், அதே டயர் அழுத்தம், முன்னும் பின்னும் மூன்று மூன்று ஓட்டம். தோஹாவில் ஒரே காரை, ஒன்றையும் தொடாமல், காலையும் மத்தியானமும் ஏற்றி இரண்டு எண் எடுத்திருக்கிறேன். உரிமையாளர் கூடிய எண்ணைத்தான் கொண்டுபோனார்.

செங்கலடியில் இருந்து: பதுளை வீதியால் பண்டாரவளைக்குப் போனால் வண்டி இழுக்குதில்லை. கியர்பொக்ஸா?

காற்று. அங்கே 1200 மீற்றர் உயரம். டேர்போ இல்லாத எஞ்சின் 1000 மீற்றருக்கு ஏறக்குறைய 10 வீதம் இழக்கும். ஊருக்கு இறங்கியதும் பழையபடி இழுத்தால் கியர்பொக்ஸைத் திறக்காதீர்கள். ஏற்றத்தில் ஒரு கியர் இறக்கி, சுற்றைக் கூட்டி ஓடுங்கள்.