உங்களுக்கு மிகவும் பிடித்த பெரிய எண் எது, ஏன்?

எனக்கு 4,29,49,67,297. முப்பத்திரண்டு 2களைப் பெருக்கி 1 கூட்டினால் இது வரும். சுருக்கமாக 2³² + 1.

2இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் 1 கூட்டிப் பாருங்கள். 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். பிரான்சின் துலூஸ் நகரில் சட்டப் பணியில் இருந்த ஃபெர்மா, இந்த வரிசை முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று 1640இல் கடிதத்தில் எழுதினார். ஆறாவதாக வருவதுதான் நம் எண். அது பகா எண் இல்லை, 641 × 6700417 என்று கணிதவியலாளர் ஆய்லர் 1732இல் காட்டினார்.

ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள்! இத்தனைக்கும் தேட வேண்டிய இடம் மிகக் குறுகியது. இந்த எண்ணின் எந்தக் காரணியை 64ஆல் வகுத்தாலும் மீதி 1தான் வரும் என்று ஆய்லர் பிற்பாடு நிரூபித்தார். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எடுத்தால் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தே ஐந்து வகுத்தல். ஃபெர்மாவுக்கு இந்த மாதிரி வழி தெரியாமலும் இல்லை. அதே 1640இல் 2³⁷ − 1ஐ 223 வகுக்கும் என்று இதே பாணியில் கண்டுபிடித்தவர் அவர். தன் எண்ணை மட்டும் எப்படித் தவறவிட்டார் என்பது எனக்குத் தீராத வியப்பு.

641 வகுக்கும் என்பதை வகுக்காமலேயே பார்க்கவும் ஒரு வழி உண்டு. நான் பார்த்த நிரூபணங்களில் இவ்வளவு அழகானவை குறைவு. 641 என்பது 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. அதை 2²⁸ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³². இது 641இன் மடங்கு. சரி, இன்னொரு பக்கம் 641 என்பது 640 + 1. 640⁴ − 1ஐ (640 + 1) × (640 − 1) × (640² + 1) என்று பிரிக்கலாம், அதனால் அதையும் 641 வகுக்கும். 640 என்பது 5 × 2⁷ என்பதால், 640⁴ − 1ஐ 5⁴ × 2²⁸ − 1 என்று எழுதலாம். இப்போது முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். 5⁴ × 2²⁸ அடிபட்டுப்போய் 2³² + 1 மட்டும் நிற்கும். இரண்டு மடங்குகளின் வித்தியாசம் என்பதால் அதுவும் 641இன் மடங்குதான்.

ஃபெர்மாவின் ஐந்துக்குப் பிறகு இந்த வரிசையில் இன்னொரு பகா எண் இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை.

ஒரு தாளும் பேனாவும் எடுத்து நம் எண்ணை 641ஆல் நீங்களே வகுத்துப் பாருங்கள். 4294இல் 641 ஆறு தடவை, மீதி 448. 9ஐ இறக்கினால் 4489. ஏழு தடவை போய் 4487ஐக் கழித்தால் மீதி 2. அடுத்து ஈவில் இரண்டு பூஜ்யம், ஒரு 4, ஒரு 1. மறுபடியும் அதே 448 மீதி வரும். இம்முறை இறங்குவது 9 இல்லை, கடைசி இலக்கமான 7. 4487, ஏழு தடவை, மீதி 0.