பலகார டப்பாவுக்குச் சொந்த மோல்டு போடலாமா?

கேள்வி: காரைக்குடியில் வீட்டோடு பலகாரக் கடை வைத்திருக்கிறேன். தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை எல்லாம் சேர்த்து மாதம் 1,500 டப்பா போகும். பிளாஸ்டிக் டப்பா ஒன்று 14 ரூபாய்க்கு வாங்குகிறேன். கடைப் பெயர் பொறித்துத் தர ஒருவர் மோல்டுக்கு, அதாவது டப்பா வார்க்கும் அச்சுக்கு, 4,80,000 ரூபாய் கேட்கிறார். அப்புறம் டப்பா 9 ரூபாய்தானாம். நகையை 9 சதவீத வட்டிக்கு வைத்துப் போடலாமா?

பதில்: போட வேண்டாம், இப்போதைக்கு.

அவர் கேட்கும் தொகை அநியாயமானதல்ல. உங்கள் டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சின்னச் சின்ன வட்டத் தடம் தெரிந்தால், அவை டப்பாவை மோல்டிலிருந்து தள்ளிவிடும் பின்களின் அச்சு. நடுவில் ஒரு புள்ளி இருந்தால், பிளாஸ்டிக் நுழைந்த வாய் அது. ஆத்தங்குடித் தரைக் கல்லுக்குக் கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் சிமெண்டைக் கையால் ஊற்றுகிறார்கள். அச்சுக்குப் பெரிய பாரம் கிடையாது. இங்கே உருகிய பிளாஸ்டிக் காற்றழுத்தத்தைப் போலப் பல நூறு மடங்கு பலத்தோடு அழுத்துகிறது. அதைத் தாங்கும் ஸ்டீல், உள்ளே தண்ணீர் ஓட வழி, மெஷின் நேரம், பாலிஷ் என்று எல்லாம் சேர்ந்ததுதான் அந்த விலை. மூடிக்குத் தனி மோல்டு வேண்டும். அதுவும் இந்தத் தொகையில் அடக்கமா என்று முதலில் கேளுங்கள். 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியா என்றும் கேளுங்கள்.

சிக்கல் உங்கள் எண்ணிக்கையில்தான். டப்பாவுக்கு 5 ரூபாய் மிச்சம். 4,80,000 திரும்ப 96,000 டப்பா விற்க வேண்டும். உங்களுக்கு அது 5 வருஷத்துக்கு மேல். வட்டியோ முதல் வருஷமே 43,200 ரூபாய். வருஷ மிச்சமான 90,000-இல் ஏறக்குறைய பாதியை அதுவே தின்றுவிடும். டப்பா அளவை இடையில் மாற்ற நினைத்தால் இன்னும் கஷ்டம். ஸ்டீலைக் கொஞ்சம் குடையலாம், குடைந்ததை நிரப்ப வெல்டிங்தான்.

பெயர்தான் வேண்டுமென்றால் இப்போது வாங்கும் டப்பாவிலேயே நல்ல லேபிள் ஒட்டுங்கள். ஆச்சி வீட்டுப் பலகாரத்தை வாங்குபவர் டப்பாவின் அடியையா பார்க்கிறார்?

மாதம் 6,000 டப்பா தாண்டினால் கணக்கே வேறு; வட்டி நீங்கலாக 16 மாதத்தில் போட்ட பணம் வந்துவிடும். அப்போது போடுங்கள். ஆனால் மோல்டு உங்களுடையது, கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள். எழுதாமல் விட்ட ஒருவர் என்னிடம் வந்தார்; பட்டறைக்காரர் டப்பா விலையை ஏற்றியபோது, தன் மோல்டைத் தானே வெளியே எடுக்க முடியாமல் நின்றார்.