மணிக்கட்டில் மிஞ்சுவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

வாசனைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த துணிச்சலில் இதைக் கேட்கிறேன். சமீபத்தில் லாவெண்டரும் டோங்கா என்ற வாசனை விதையும் சேர்ந்த ஒரு பெர்ஃப்யூம் வாங்கினேன். ரம் வாடை கலந்த, கதகதப்பான வகை. காகிதத்தில் முகர்ந்தபோது சொக்கிப்போனேன். என் தோலிலோ ஒரு மணி நேரத்தில் காணாமல் போகிறது. மணிக்கட்டைத் தேய்த்துப் பார்த்தேன், எட்டு தடவை வரை அடித்தும் பார்த்தேன். என் தோலின் அமிலத்தன்மை சரியில்லை என்கிறார் நண்பர். மனைவி மட்டும் சாயங்காலம் வரை மணக்கிறது என்கிறாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். லாவெண்டர் பெண்களுக்கானதா? ரம் வாடையால் அலுவலகத்தில் தவறாக நினைப்பார்களா? பெரிய பாட்டிலாக வாங்கி இன்னும் தாராளமாக அடிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேள்வி கேள்வியாக அடுக்கியிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் முக்கியமான வரியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடலாம்.

லாவெண்டர் பெண்களுக்கானதா என்பதெல்லாம் ஒரு கேள்வியா? 1882இல் ஊபிகான் நிறுவனத்துக்காக பால் பார்க்கே உருவாக்கிய ‘ஃபூஜேர் ராயல்’ லாவெண்டர், ஓக் மரப்பாசி, டோங்காவுக்கு வாசனை தரும் கூமரின் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கட்டியது. ஆண்களின் சவர சோப்புகளும் ஆஃப்டர் ஷேவ்களும் ஏராளமாக அந்த வழியில் வந்தவைதான். ஃபூஜேர் என்றால் பெரணி. பெரணிக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசனையே கிடையாது என்பது வேறு விஷயம்.

அலுவலகத்தில் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். குடித்தவனின் வாடை மூச்சில் வரும், மணிக்கட்டில் வராது.

மணிக்கட்டைத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் மூலக்கூறுகள் நசுங்கிவிடும் என்பது கட்டுக்கதை. சூடேறி, முதலில் நிதானமாக வரவேண்டிய லாவெண்டர் அவசரமாகக் கிளம்பிப் போய்விடும், அவ்வளவுதான்.

இனி தோலுக்கு வருவோம். நீங்கள் சொல்லும் வகையில் ஒரு பாட்டில் என்னிடமும் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலை இடது மணிக்கட்டில் ஒரு தடவையும் ஒரு காகிதத் துண்டில் ஒரு தடவையும் அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் சில நொடிகள் வெறும் ஆல்கஹாலின் சுருக். அது எல்லா பெர்ஃப்யூமிலும் உண்டு, உடனே போய்விடும். பிறகு லாவெண்டர். குளிர்ச்சியாக, பச்சையாக, கொஞ்சம் கற்பூரம் தொட்ட மாதிரி, இப்போதுதான் சோப்புப் போட்டுக் குளித்தவரின் சட்டைக் காலர் மாதிரி. பத்து நிமிடத்தில் அதன் அடியிலிருந்து ரம் எழும்பியது. இந்த ரம், பாட்டிலில் இருக்கும் ஆல்கஹால் அல்ல. திராட்சை மதுவின் வண்டலிலிருந்து வடிக்கும் கொன்யாக் எண்ணெய், மரிக்கொழுந்து எண்ணெய் போன்றவற்றை வைத்து அதைத் தனியாகக் கட்டுவார்கள். ஆமாம், நமக்குத் தெரிந்த அதே மரிக்கொழுந்துதான். அதை வடித்தெடுத்த எண்ணெயில் பழம் ஊறிய மதுவின் வாடை அடிக்கும்.

ஒரு மணி நேரம் கழித்து மணிக்கட்டில் லாவெண்டரின் முனைகள் மழுங்கி, பவுடர் பூசியதுபோல ஆகிவிட்டது. காகிதத்தில் அது இன்னும் விறைப்பாகவே நின்றது. மூன்றாவது மணி நேரத்தில் தோலோடு தோலாக டோங்கா மட்டும். அறுத்துப் போட்டுக் காய்ந்த புல், கொஞ்சம் வாதுமை, கொஞ்சம் வெனிலா. மூக்கை மணிக்கட்டில் ஒட்டினால்தான் தெரிந்தது. அதுவும் கைக்கடிகாரத்தின் வார் மூடியிருந்த இடத்தில் இன்னும் கனமாக.

இதில் உங்கள் தோலின் குற்றம் என்ன? மூன்று எண்களைப் பாருங்கள். ஆல்கஹால் கொதிப்பது 78 டிகிரியில். லாவெண்டரின் முக்கியச் சரக்கான லினலூல் கொதிப்பது சுமார் 198இல். டோங்காவின் உயிரான கூமரின் 301இல். ஈரத்துணி காய்வதற்குத் தண்ணீர் கொதிக்கவேண்டியதில்லை, ஆனாலும் எது முன்னால் போகும், எது கடைசி வரை உட்கார்ந்திருக்கும் என்பதை இந்த எண்கள் சொல்லிவிடும். காகிதத்தைவிடத் தோலில் சூடு அதிகம், எல்லாம் சற்று வேகமாக நடக்கும். வறண்ட தோலில் பிடிப்புக் குறைவு. வாசனையில்லாத கிரீம் கொஞ்சம் தடவிக்கொண்டு அடித்தால் கூடுதலாக நிற்கும். நண்பரின் அமிலத்தன்மைக் கதையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கூமரின் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. டோங்கா விதையை ரம்மில் ஊறவைத்துக் காயவைப்பது பழைய வழக்கம். காய்ந்த கறுத்த விதையின்மேல் உறைபனி போல வெள்ளையாகப் படிவதுதான் கூமரின். அதை விதையிலிருந்து பிரித்தெடுத்தது 1820இல். 1868இல் ஆய்வகத்திலேயே செய்து காட்டியவர் வில்லியம் ஹென்றி பெர்கின். இவர் தன் பதினெட்டாவது வயதில் மாவ் என்ற ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தவர். ஆக, ரம்மும் டோங்காவும் உங்கள் பாட்டிலில் புதிதாகச் சந்தித்துக்கொண்டவை அல்ல.

சரி, அந்த வரி. “மனைவி மட்டும் சாயங்காலம் வரை மணக்கிறது என்கிறாள், என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள்.”

ஏன் ஐயா, வீட்டிலேயே நல்ல மூக்கு ஒன்று இருக்கிறது, உண்மையைச் சொல்கிறது. அதை நம்பாமல் எனக்கு எழுதுகிறீர்கள்! வாசனை போகவில்லை. போனது உங்கள் மூக்கு. ஒரே வாசனை விடாமல் வந்துகொண்டிருந்தால் மூக்கும் மூளையும் அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். புதிதாக வரும் புகையையும் அழுகலையும் கண்டுபிடிக்க இடம் வேண்டாமா? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணிக்கட்டை முகர்ந்து பார்ப்பவருக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நீங்கள் முகர்ந்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். வெளியே போய்விட்டு அரைமணி கழித்து அறைக்குள் வாருங்கள், கழற்றிப்போட்ட சட்டை உங்களைக் கூப்பிடும். இன்னொன்று. சிலவகைக் கஸ்தூரி மூலக்கூறுகள் சிலருக்குப் பிறவியிலிருந்தே தெரிவதில்லை, பக்கத்தில் இருப்பவர் அவற்றில் மூழ்கிக்கொண்டிருப்பார். எட்டு தடவை அடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறீர்களே, உள்ளே இருப்பவர்களை ஒரு தடவை நினைத்துப் பார்த்தீர்களா?

இப்படிக் கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது.

என் அப்பாவும் லாவெண்டர்க்காரர்தான். ஓய்வு பெற்ற பிறகு காலையில் அடித்துக்கொள்ளும் அளவு கூடிக்கொண்டே போனது. ஒருநாள் விருந்தினர் முன்னால், “அப்பா, வீட்டுக்குள்ள நிக்க முடியல” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். மறுநாளிலிருந்து அடித்துக்கொள்ளவில்லை. நான் ஜெயித்ததாக நினைத்தேன்.

சில மாதம் கழித்து ஒரு மதியம் கதவைத் திறந்தால் முகத்தில் அறைந்தது கேஸ் நாற்றம். அடுப்புத் திருகு திறந்திருக்கிறது, தீ இல்லை. அடுத்த அறையில் அப்பா நிம்மதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு நான் கத்தினேன். அவர் தாளை மடித்து, “வாடை வருதா?” என்று கேட்டார். வயதானால் மூக்கு மங்குவது சகஜம் என்றார் மருத்துவர். அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. அவர் கூட்டிக் கூட்டி அடித்தது, எங்கேயாவது தென்படுகிறதா என்று தேடியது.

பாட்டிலை எடுத்து மறுபடி அவர் மேஜையில் வைத்தேன். இரண்டு தடவை மட்டும் என்று ஒப்பந்தம். அன்றிலிருந்து தினமும் காலையில் மணிக்கட்டை நீட்டுவார். “இருக்கா?” நான் குனிந்து முகர்வேன். “இருக்கு.” பகலில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. லாவெண்டர் எப்போது போகும், டோங்கா எத்தனை மணி வரை நிற்கும் என்பதெல்லாம் நான் கற்றது அந்தக் கையில்தான். நரைத்த ரோமமும் தளர்ந்த தோலுமாக இருக்கும் அந்த மணிக்கட்டில் ராத்திரி எட்டு மணிக்குக்கூடக் காய்ந்த புல் மணக்கும்.

ஒருநாள் எனக்கு மூக்கடைப்பு. கை நீண்டது. “இருக்கா?” வழக்கம்போலக் குனிந்து, “இருக்கு” என்றேன். “பொய் சொல்லாதே, உனக்குத்தான் சளியாச்சே” என்று சொல்லிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

எஸ்., நாளைக்கு இரண்டே தடவை அடித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் மனைவியிடம் கையை நீட்டிக் கேளுங்கள். அவர் சொல்வதோடு விஷயத்தை விட்டுவிடுங்கள், எனக்கு மறுபடி எழுத வேண்டாம். பெரிய பாட்டிலா? எட்டு இரண்டாகக் குறைந்தால் கையில் இருப்பதே நான்கு மடங்கு நாள் வரும்.