ஆய்வாளர் போகலாம், நுணுக்குக்காட்டி போகுமா?

ஆய்வு மானியக் கோப்புகளோடும் ஆய்வுகூடக் களஞ்சியத்தோடும் இருபது வருடம் இருந்தவள் நான். வேலை மாறப்போகிற திருகோணமலை ஆட்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (நிலாவெளி, விரிவுரையாளர்): அக்கா, பேராதனையில் வேலை கிடைத்துவிட்டது. என் பெயரில் உள்ள மானியத்துக்கு இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. கொண்டுபோகலாம்தானே?

பதில்: வாழ்த்துகள் தம்பி. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் கையெழுத்தோடு நிறுவனத்தின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். காசு வந்து விழுவதும் நிறுவனக் கணக்கில்தான். அதனால் தேசிய விஞ்ஞான மன்றமோ வேறு யாரோ, மானியம் தந்தவரின் எழுத்துமூல அனுமதி முதலில் வேண்டும். பீடாதிபதி ஊடாக விண்ணப்பியுங்கள். பழைய இடம் விடுவிக்கிறோம் என்றும், புதிய இடம் பொறுப்பெடுக்கிறோம் என்றும் கடிதம் தர வேண்டும். நிதியாளரிடம் அன்றைய தேதி வரைக்குமான செலவுக் கணக்கை வாங்குங்கள். ஓடர் போட்டு இன்னும் பில் வராத சாமான் இருந்தால் அதையும் அதில் காட்டச் சொல்லுங்கள், பிறகு பெரிய தலையிடி அதுதான். இராஜினாமாக் கடிதம் கொடுத்த பிறகு இதைத் தொடங்காதீர்கள். மூன்று மாதமாவது முன்னால் தொடங்குங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலும் இப்படித்தானா?

பதில்: அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமும் நிறுவனத்துக்குத்தான் மானியம் கொடுக்கிறது. பழைய நிறுவனம் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தந்தால்தான் மாற்றலாம். ஐரோப்பிய ஆராய்ச்சிப் பேரவையில் ஆய்வாளருக்குப் பிடி அதிகம், தகுதியுள்ள இன்னொரு நிறுவனத்துக்கு மானியத்தைக் கொண்டுபோகலாம்.

கேள்வி (உப்புவெளி): விலைகோரல் எழுதி, ஆள் பிடித்து, பொருத்தியது எல்லாம் நான். நுணுக்குக்காட்டியை ஏன் விட்டுப் போக வேண்டும்?

பதில்: உங்கள் உழைப்பு எனக்குத் தெரியும். ஆனால் அதன் முதுகில் இன்வென்டரி இலக்கம் ஒட்டியிருக்கிறது. வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பில் அந்த இலக்கத்தைத் தேடுவார்கள், இல்லாவிட்டால் பதில் சொல்வது உங்களுக்குப் பின்னால் பொறுப்பேற்ற பிள்ளை. இரு நிறுவனமும் சம்மதித்தால் எழுத்தில் மாற்றலாம், அல்லது திட்டம் முடியும்வரை இரவலாக எடுக்கலாம். என்னைக் கேட்டால், இளமாணி மாணவர்கள் கைவைக்கிற கருவியைத் தயவுசெய்து விட்டுவிட்டுப் போங்கள்.

எடுப்பதென்றால் பொதி செய்வதில் கவனம். ஒருமுறை ஓரிடத்தில் பொருள்வில்லையில், அதாவது மாதிரிக்குப் பக்கத்தில் வரும் வில்லையில், பார்ப்பதற்காகப் போட்ட எண்ணெயைத் துடைக்காமலே பெட்டியில் வைத்து, கடற்காற்றில் மாதக்கணக்கில் விட்டுவிட்டார்கள். திறந்தபோது கண்ணாடியில் சிலந்திவலை போலப் பூஞ்சணம். அது பிறகு போகவேயில்லை. வில்லைகளைக் கழற்றித் துடைத்து, சிலிக்கா ஜெல் போடுங்கள். நீல மணி ரோஸ் நிறமானால் மாற்றுங்கள். மாதிரி வைக்கிற மேடையைப் பூட்டாமல் நுணுக்குக்காட்டியை லொறியில் ஏற்றாதீர்கள். மாதிரிகள் வைக்கிற மைனஸ் 80 பாகை பிரீசரை நிமிர்த்தியே கொண்டுபோய், இறக்கியதும் ஒரு நாள் அப்படியே நிற்கவிட்டுப் பிறகு கரண்ட் போடுங்கள்.

கேள்வி: மானியத்தில் வாங்கிய லப்டொப்?

பதில்: திருப்பிக் கொடுங்கள். தரவைப் பிரதி எடுக்கலாம், ஆனால் துறைத்தலைவருக்குத் தெரிந்து.

கேள்வி: புறாமலைப் பவளப்பாறை மாதிரிகள் இருக்கின்றன. அவை?

பதில்: அது தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்து அனுமதிப்பத்திரத்தில் யார், எந்த நிறுவனம், என்ன நோக்கம் என்று இருக்கும். நிறுவனம் மாறினால் முதலில் எழுதித் திருத்தம் எடுங்கள், பிறகு குப்பியைத் தொடுங்கள். நாட்டுக்கு வெளியே அனுப்ப வேறு அனுமதி. முடிந்தால் பாதியை இங்கேயே வையுங்கள்.

கேள்வி (மூதூர், முதுமாணி மாணவி): என் மேற்பார்வையாளர் போகிறார். நான் நடுவில் நிற்கிறேன்.

பதில்: பயப்படாதீங்க மகள். உங்கள் பதிவு பல்கலைக்கழகத்தில், அவரிடம் இல்லை. அவர் போவதற்கு முன்பே உள்ளூரில் ஓர் இணை மேற்பார்வையாளரை நியமிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். போகிறவரும் தூரத்திலிருந்து மேற்பார்வையைத் தொடரலாம். உங்கள் மாதக் கொடுப்பனவு அந்த மானியத்திலிருந்தா வருகிறது? அப்படியென்றால் எந்தத் தேதியோடு நிற்கும் என்று நிதியாளரிடம் இந்தக் கிழமையே கேளுங்கள். ஆய்வுகூடக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள், திகதி தெரியும்படி. சேருக்குச் சொல்லச் சங்கடமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், கடிதத்தைச் சேர்ந்து எழுதலாம்.